ஃபொராதோரி ஒயின்கள்: முதல் கிளாஸை வைத்து முடிவு கட்டாதீர்கள்

வட இத்தாலியின் த்ரெந்தீனோ பகுதியில் மெட்சோலொம்பார்தோ என்ற சிற்றூர். சுற்றிலும் செங்குத்துப் பாறை மலைகள், நடுவில் நோச்சே ஆறும் ஆதிஜெ ஆறும் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும் நிரம்பிய காம்போ ரொத்தலியானோ சமவெளி. தெரோல்தேகோ என்ற கறுப்புத் திராட்சைக்கு இதுதான் சொந்த ஊர். எலிசபெத்தா ஃபொராதோரி 1984-இல் குடும்பத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். இன்று அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிறார்கள்: எமிலியோ தோட்டத்தையும் ஒயின் கூடத்தையும், தியோ விற்பனையையும், மிர்த்தா காய்கறி விளைச்சலையும் பார்த்துக்கொள்கிறார்கள். 2002-இல் உயிராற்றல் வேளாண்மைக்கு (biodynamic: செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், தோட்டத்தை ஒரே உயிராகப் பார்க்கும் முறை) மாறிய தோட்டம் இது.

பல அறுவடை ஆண்டுகளின் பாட்டில்களைத் திறந்தும், பாதி குடித்து மூடி வைத்தும், மறுநாள் மீண்டும் ஊற்றியும் பார்த்ததில் தேறிய விஷயம் ஒன்றுதான். இவை திறந்த உடனே தங்களைக் காட்டிவிடும் ஒயின்கள் அல்ல. முதல் கிளாஸில் ஏமாந்து பாட்டிலை ஒதுக்குபவர்கள்தான் அதிகம். அது பெரிய நஷ்டம்.

ஸ்கர்சோனை எடுத்துக்கொள்வோம். மணற்பாங்கான ஒரே தோட்டத்துத் தெரோல்தேகோ, தோலோடு சுமார் எட்டு மாதம் களிமண் தாழியில் கிடந்தது. திறந்ததும் பழ வாசனைக்கு முன்னால் தீக்குச்சி உரசிய நெடி வரலாம், சில நேரம் அவித்த முட்டையின் மெல்லிய வாடையும் வரலாம். கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள், காற்று குறைவான சூழலில் அப்படியே தங்கிவிடுவதால் வரும் வாடை இது. தெரோல்தேகோவுக்கு இந்தச் சுபாவம் கொஞ்சம் கூடுதல். அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் நன்றாகக் கழுவிய செப்புத் துண்டு ஒன்றை கிளாஸில் போட்டு அரை நிமிடம் சுழற்றிவிட்டு எடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செம்பு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகும் வாடை அடித்தால், கந்தகம் செம்புக்கு அகப்படாத வேறு சேர்மமாக மாறிவிட்டது என்று பொருள். அந்த பாட்டிலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாம் நாள் அதே ஒயினில் கறுப்புச் செர்ரி, நாவல்பழத் தோலின் துவர்ப்பு, ஈரக் கல்லின் மணம், கடைவாயில் நீர் ஊற வைக்கும் புளிப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். தெரோல்தேகோவின் நிறம் மை போல அடர்த்தி, ஆனால் துவர்ப்பு அந்த நிறத்தை வைத்து எதிர்பார்க்கும் அளவுக்கு முரடாக இருக்காது. பார்வைக்குக் கனம், வாயில் இலேசு. ஆல்கஹால் பெரும்பாலும் 12-13 விழுக்காட்டைச் சுற்றியே நிற்பதால் சாப்பாட்டோடு இரண்டு கிளாஸ் குடித்தாலும் நாக்கு களைப்பதில்லை.

தாழி என்றதும் மண் வாசனை வரும் என்று நினைப்பார்கள். தாழியின் வேலை அதுவல்ல. ஸ்பெயினின் வில்லாரோப்லெதோ ஊரில் வனையப்பட்ட இந்தத் தாழிகளின் சுவர் வழியே காற்று மெல்லக் கசிகிறது. மரப் பீப்பாயிலும் காற்று கசியும், ஆனால் புதுப் பீப்பாய் கூடவே வெனிலா, வறுத்த மர வாசனையையும் ஏற்றிவிடும். தாழி தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. அதனால்தான் மணல் நிலத்து ஸ்கர்சோனையும் கூழாங்கல் நிலத்து மொரெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது: முதலாவது குளிர்ச்சியும் நீளமும், இரண்டாவது இருளும் இறுக்கமும். மொரெய் என்ற சொல்லுக்கே அவ்வூர் வழக்கில் கருமை என்றுதான் பொருள். ஒரே திராட்சை, ஒரே கை, ஒரே தாழி. நிலம் மட்டும் வேறு. பணம் இடம் கொடுத்தால் இந்த இரண்டையும் ஒரே அறுவடை ஆண்டில் வாங்குங்கள். நிலத்தின் சுவை என்று சொல்கிறார்களே, அதை இதைவிட நேராகக் காட்டும் ஜோடி கிடைப்பது கடினம்.

ஃபொந்தானசாந்தா தோட்டத்து நோசியோலா வெள்ளைத் திராட்சை ஒயின், ஆனால் ஊற்றினால் வெளிர் தேன் நிறம். இதுவும் தோலோடு மாதக்கணக்கில் தாழியில் ஊறியது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் 4-5 டிகிரியில் குடித்தால் துவர்ப்பு மட்டும் முன்னே நின்று வாசனை அத்தனையும் அடங்கிக் கிடக்கும். 12-13 டிகிரிக்கு வரட்டும். ஹேசல் பருப்பு, கெமோமில் பூ, ஆப்பிள் தோல் என்று ஒவ்வொன்றாக எழும். திறந்த பாட்டிலைத் தக்கையால் மூடிக் குளிரில் வைத்தால் நாலைந்து நாள் தாராளமாகத் தாங்குகிறது. தோலிலிருந்து இறங்கிய துவர்ப்புப் பொருள் காற்றுக்கு அணை போடுவதுதான் காரணம். தோல் ஊறல் பழக்கமில்லாதவர்கள் மன்சோனி பியாங்கோவிலிருந்து தொடங்கலாம். ரீஸ்லிங், வெள்ளை பினோ இரண்டையும் ஒட்டிப் பிறந்த இந்த ரகம் நன்றாகப் பழகும், மீனுக்கும் பொருந்தும்.

வாங்கும்போது குழப்பும் ஒரு சங்கதி: லேபிளில் தெரோல்தேகோ ரொத்தலியானோ என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பெயர் 1971 முதல் அதிகாரபூர்வத் தரக்குறியீடாக இருக்கிறது. இந்தக் குடும்பமோ தன் ஒயின்களை விக்னேத்தி தெல்லே தோலோமீத்தி என்ற பரந்த வட்டாரப் பெயரில் விற்கிறது. அது தரக்குறைவின் அடையாளம் அன்று.

இயற்கை ஒயின் என்றால் சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) அறவே இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. நொதித்தலிலேயே சிறிதளவு உண்டாகிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சர்க்கரை இல்லாத சிவப்பு ஒயினுக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200 வரை அனுமதி. இயற்கை வேளாண் சான்று (organic) பெற்ற ஒயினுக்கு 2012 முதல் அது முறையே 100, 150. பூஞ்சைக்குத் தெளிக்கும் செம்புக்கும் வரம்பு உண்டு: ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ. 2014 போல மழை விடாத ஆண்டில் இந்தக் கணக்கு கழுத்தை நெரிக்கும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் வட இத்தாலியின் இயற்கை ஒயின்கள் மெலிந்தும் புளிப்பு தூக்கலாகவும் இருந்தால் வியப்பில்லை. அவற்றைச் சீக்கிரம் குடித்துவிடுவது நல்லது. 2022 போன்ற கடும் வெயில் ஆண்டில் கைகொடுப்பது அந்தச் சமவெளியின் பழைய பந்தல் முறை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: குலை இலை நிழலில் தொங்கும், கீழே காற்று ஓடும், வெயில் பட்டுக் கருகாது.

சல்ஃபைட் குறைந்த எந்த ஒயினிலும் விழிப்பாக இருக்க வேண்டியவை இரண்டு. நகப்பூச்சு நெடி தூக்கலாக அடித்தால் அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. காற்றோட்டம் இதைக் குறைக்காது. இரண்டாவது எலி வாடை. முகரும்போது தெரியாது, விழுங்கிச் சில நொடி கழித்து அடித்தொண்டையில் பழைய சோளப்பொரியைப் போல ஏறும். ஒயினின் அமிலம் அந்தச் சேர்மத்தை அடக்கி வைத்திருக்கிறது, எச்சில் அமிலத்தைத் தணித்ததும் அது வெளியே வருகிறது. ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தால் சந்தேகம் தீரும். இதற்கு மருந்து கிடையாது.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது வெப்பம். தக்கை மேலே துருத்திக்கொண்டு இருந்தாலோ, மூடித்தாளில் பிசுபிசுத்த கறை இருந்தாலோ, கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் 12-14 டிகிரி, இருட்டு, பாட்டில் படுத்த நிலை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளுக்குச் சொன்னது. 30 டிகிரி அறைக்கு அது பொருந்தாது. ஐஸ் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி 16 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

முதல் பாட்டிலாக ஃபொராதோரி என்ற பெயரிலேயே வரும் அடிப்படைத் தெரோல்தேகோ போதும். அறுவடையிலிருந்து மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் நன்றாக இருக்கும். காளான் போட்ட பொலெந்தா (மக்காச்சோள மாவுக் களி), பன்றித் தொத்திறைச்சி, மூத்த பாலாடைக்கட்டி எதற்கும் இணங்கும். லெட்செர் இன்னும் இலேசானது. கொஞ்சம் குளிர வைத்து அன்றே தீர்த்துவிட வேண்டிய ஒயின். கிரனாத்தோ வேறு தளம். மாதுளையிலிருந்து பெயர் பெற்றது, பழைய கொடிகளின் குலை, தாழிக்குப் பதில் மரத்தில் முதிர்வது. விலை அடிப்படை ஒயினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை ஐந்து ஆண்டுக்குள் திறப்பது வீண்செலவு, இறுகிக் கிடக்கும். பத்து ஆண்டு போனால் துவர்ப்பு பட்டு போல இளகி, உலர்ந்த அத்தியும் தோலும் கலந்த மணம் வரும். திறப்பதற்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் ஆட்டாமல், வெளிச்சத்துக்கு எதிரே கழுத்தைப் பிடித்து மெல்ல ஊற்றி, கருங்கோடாக வண்டல் நகரத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சும் இரண்டு விரற்கடை வண்டலைக் கொட்ட வேண்டாம், இறைச்சிக் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம்.