கீடி: கேப்ஸ்லாக்கை வேலை வாங்கும் குட்டி மென்பொருள்

லினக்ஸில் கேப்ஸ்லாக்கை கன்ட்ரோலாக மாற்ற எக்ஸ்மாட்மேப் என்ற பழைய கருவியையே நம்பியிருந்தவர்களுக்கு, டெஸ்க்டாப் எக்ஸ் என்ற பழைய திரை அமைப்பிலிருந்து வேலண்ட் என்ற புதியதற்கு மாறியதும் அது கைகொடுப்பதில்லை. கீகளை மாற்றித் தரும் கீடி என்ற மென்பொருள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி வேலை செய்கிறது. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தரும் கீ அழுத்தங்களைத் தானே பிடித்துக்கொண்டு, மாற்றி, ஒரு மெய்நிகர் கீபோர்டு வழியாக மறுபடி அனுப்புகிறது. அதனால் எக்ஸ், வேலண்ட், வெறும் கறுப்புக் கன்சோல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடக்கும்.

அமைப்புக் கோப்பு ஒன்றுதான்: /ஈடிசி/கீடி/டிஃபால்ட்.கான்ஃப். [ஐடிஸ்] என்ற தலைப்பின் கீழ் ஒரு நட்சத்திரக் குறி (எல்லாக் கீபோர்டுக்கும் என்று பொருள்), [மெயின்] என்ற தலைப்பின் கீழ் இந்த வரி (கோப்பில் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான்):

கேப்ஸ்லாக் = ஓவர்லோட்(கன்ட்ரோல், எஸ்க்)

பிறகு டெர்மினலில் ‘சூடோ கீடி ரீலோட்’ என்ற கட்டளை. இனி கேப்ஸ்லாக்கை அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல், தட்டிவிட்டால் எஸ்கேப். இந்த ஒரு வரிக்காகவே நிறுவலாம். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்கச் சுண்டுவிரல் வலிக்கிறவர்கள் ‘ஒன்ஷாட்(ஷிஃப்ட்)’ போட்டுக்கொண்டால், ஒருமுறை தட்டினால் அடுத்த எழுத்துக்கு மட்டும் ஷிஃப்ட் விழும்.

கோளாறு பார்க்கவும் இது நல்ல கருவி. ‘சூடோ கீடி மானிட்டர்’ கொடுத்தால் எந்தக் கீபோர்டு, எந்தக் கீ, எப்போது இறங்கியது, எப்போது எழுந்தது என்று வரிவரியாக ஓடும். கீடி சேவை பின்னணியில் ஓடும்போது பார்த்தால் மாறிய கீதான் தெரியும். மூலக் கீயைப் பார்க்கச் சேவையை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் இறங்கிய வரி வந்து, விரலை எடுத்த பிறகும் எழுந்த வரி வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டு பக்கம். லேப்டாப்பின் எஃப்என் கீ பெரும்பாலும் கர்னல் வரை வருவதே இல்லை. அதைக் கீடியால் மாற்ற முடியாது.

அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. குனோம் டெஸ்க்டாப்பின் ட்வீக்ஸ் செயலியில் கேப்ஸ்லாக்கையும் எஸ்கேப்பையும் எப்போதோ இடம் மாற்றியிருப்பார்கள். கீடி கேப்ஸ்லாக்கை எஸ்கேப்பாக்கி அனுப்பும். மேலே டெஸ்க்டாப் அந்த எஸ்கேப்பை மறுபடி கேப்ஸ்லாக்காக்கும். ‘கீடி வேலையே செய்யவில்லை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

தமிழ்99 விசைப்பலகையோடு மோதல் இல்லை. மொழி மாற்றம் கீடிக்கு மேலே நடக்கிறது. ஆனால் ஏ, எஸ், டி, எஃப் கீகளைப் பிடித்தால் மாடிஃபையர் (கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்ற துணைக் கீ) ஆக்கும் நடுவரிசை உத்தியில் கவனம் வேண்டும். தமிழ்99-இல் அவை அ, இ, உ, புள்ளி. வேகமாக அடிக்கையில் ஒரு விரல் எழும் முன் அடுத்தது இறங்கிவிட, புள்ளி விழ வேண்டிய இடத்தில் கன்ட்ரோல் குறுக்குவழி ஓடும். வெறும் ஓவர்லோட் இதற்கு ஆகாது. வேகமாக அடிக்கும்போது கீயை எழுத்தாகவே விடும் ‘லெட்டர்மாட்’ வகையில் 150, 200 மில்லிவினாடி என்று தொடங்கிப் பார்க்கலாம். தமிழில் நாள் முழுக்க அடிப்பவர்கள் இந்த உத்தியைத் தொடாமலிருப்பதே நல்லது.

குறைகளும் உண்டு. வரைகலை அமைப்பு எதுவும் கிடையாது. ரூட் (முழு நிர்வாகி) உரிமையில் ஓடுகிறது. செயலிக்குச் செயலி வேறு கீ வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் குனோமில் அதற்கென்று தனி நீட்சி வேண்டும். லேப்டாப்பில் இன்னொரு தொல்லை: தட்டச்சு செய்யும்போது டச்பேடு அணையும் வசதி போய்விடும், ஏனென்றால் மெய்நிகர் கீபோர்டை வெளிக் கீபோர்டு என்று, கீபோர்டு, டச்பேடு உள்ளீட்டைக் கையாளும் லிப்இன்புட் எடுத்துக்கொள்கிறது. /ஈடிசி/லிப்இன்புட்/லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவர்க்ஸ் கோப்பில் கீடியின் கீபோர்டை ‘இன்டர்னல்’ என்று குறித்தால் சரியாகும்.

தவறான வரி எழுதிக் கீபோர்டே முடங்கிப்போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கீடி உடனே நின்றுவிடும்.