சின்னப் பள்ளி இரண்டு: தனித்தனியா, இணைப்பா?

பக்கத்துப் பக்கத்து ஊர்களில் 18, 22 பிள்ளைகளோடு இரண்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர்: கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருவர். தனித்தனியே என்றால் நான்கு பேர். இணைத்தால் 40 பிள்ளைகளுக்கும் இருவர்தான். படிப்பு அடிவாங்குவது இங்கேதான். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க ஆளில்லை.

மானியம்: சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தின் வரம்பில் 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000. தனித்தனியே மொத்தம் 20,000, இணைத்தால் 25,000. ஐயாயிரம்தான் லாபம்.

நிர்வாகம்: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர். பள்ளியை இழந்த ஊர்க்காரர் கூட்டத்துக்கு வருவது குறையும்.

தூரம்: பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் தூரம் 1 கி.மீ. தாண்டினால் சட்டமே இடிக்கும்.

கூட்டினால் 60 தாண்டி மூன்றாவது ஆசிரியர் கிடைப்பார், வழியில் நெடுஞ்சாலையும் இல்லை என்றால் இணைக்கலாம். 40 பேருக்கு வேண்டாம்.