“ஃபைன் கட்டினா முடிஞ்சது” என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து முதல் முறை சரக்கு இறக்கப் போகிற சென்னைக் கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

சீனாவிலிருந்து 40 பெட்டி மொபைல் கவர், 12 பெட்டி கைக்கடிகாரம் வரவழைத்தேன். மண்ணடியில், சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தேன். என்ன சரக்கு என்று சுங்கத்துக்குச் சொல்லும் பில் ஆஃப் என்ட்ரி போடும் முன், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அதன் வரைவான செக்லிஸ்ட் வந்தது. 52 பெட்டியும் கவர் என்றிருந்தது. “வாட்ச் எங்கே தம்பி?” என்று கேட்டேன். “டூட்டி மிச்சம்ணே. மாட்டினாலும் ஃபைன் கட்டினா முடிஞ்சது, சிவில் மேட்டர்தான்” என்றார். சரி என்று ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் படுத்தேன். மறைப்பானேன், எனக்கும் ஆசைதான்.

மாதவரம் கிடங்கில் சுங்க அதிகாரிகள் பெட்டிகளைப் பிரித்தார்கள். கடிகாரம் கொட்டியது. விசாரணைக்கு வரச்சொல்லி, சுங்கச் சட்டத்தின் 108-வது பிரிவில் சம்மன் வந்தது. “தெரிஞ்சேதான் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்துடுங்கண்ணே, சீக்கிரம் விட்டுடுவாங்க” என்றார் ஏஜென்ட். எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை. விசாரித்தால், அவர் காட்டிய லைசென்ஸ் வேறொருவருடையதாம்.

ஹைகோர்ட் பக்கத்து வக்கீல் ஒருவர்தான் புரியவைத்தார். சரக்குப் பறிமுதல், அதை மீட்கக் கட்டும் ஃபைன், பெனால்ட்டி எல்லாம் சுங்க அதிகாரியே முடிப்பவை. பிடிக்கவில்லை என்றால் 60 நாளில் அப்பீல் போகலாம். ஆனால் அதைக் கட்டிவிட்டதால் கிரிமினல் வழக்கு போய்விடாது என்று 1962 சுங்கச் சட்டத்தின் 127-வது பிரிவே சொல்கிறது. அது 135-வது பிரிவில் எழும்பூர் கோர்ட்டுக்குப் போகும். மூன்று வருடம் வரை ஜெயில்; ஏய்த்த வரி 50 லட்சத்தைத் தாண்டினால் ஏழு வருடம் வரை. அங்கே ‘தெரியாமல் நடந்தது’ என்று காட்டும் பொறுப்பும் நம் தலையில்தான். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் மாதிரி இல்லை, சுங்கத்தில் கொடுப்பது கோர்ட்டில் சாட்சியாக நிற்கும். என் கையெழுத்தில் நானே எழுதியதைப் படித்துவிட்டு, வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

செக்லிஸ்ட் வந்தால் இன்வாய்ஸைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். லைசென்ஸ் யார் பெயரில் என்று கேளுங்கள். சம்மன் வந்தால் வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஃபைனும் பெனால்ட்டியும் கட்டிச் சரக்கை எடுத்துவிட்டேன். வழக்குப் போட ஆணையரின் அனுமதி வேண்டுமாம். அதைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. கடை வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றாலே, கல்லாவை விட்டு எழுந்துவிடுகிறேன்.