போல்டரிங்கா, லீடா? குழந்தையின் முதல் உள்ளரங்கச் சுவரேற்றப் போட்டிக்கு எது?

கயிறு கிடையாது, சுவர் சுமார் 4.5 மீட்டர், கீழே தடித்த மெத்தை: இது போல்டரிங். லீடில் சுவர் 12 மீட்டருக்கு மேல். இடுப்பில் கட்டிய கயிற்றை, சுவரில் தொங்கும் குயிக்டிராக்களில் (கொக்கி கோத்த பட்டைகள்) வரிசையாக மாட்டியபடியே ஏற வேண்டும்.

பெரிய வேறுபாடு தவறும்போதுதான் தெரியும். போல்டரிங்கில் விழுந்தால், நேரம் இருக்கும்வரை மறுபடி முயலலாம். ஒவ்வொரு வீண் முயற்சிக்கும் கொஞ்சம் புள்ளி போகும். உச்சிப் பிடியை இரு கையாலும் நிலையாகப் பிடித்தால்தான் முழுப் புள்ளி. இடையில் உள்ள 'ஸோன்' என்னும் பிடியை நிலையாகப் பிடித்தாலும் கொஞ்சம் புள்ளி உண்டு. பதற்றத்தில் குழந்தைகள் விழுந்தவுடனே திரும்பத் தாவுவார்கள். முன்கை வீங்கி, கடைசிப் பாதையில் விரல் மடங்காது. முயற்சிகளுக்கு இடையே ஒரு நிமிடமாவது உட்காரப் பழக்குங்கள்.

லீடில் ஒரே வாய்ப்பு, பொதுவாக 6 நிமிடம். எந்தப் பிடிவரை போனார்களோ அதுவே மதிப்பெண். அங்கிருந்து அடுத்த பிடியை நோக்கி முறையாக நகர்ந்திருந்தால் ஒரு '+'. சிறுவர்கள் அதிகம் சறுக்குவது கயிறு மாட்டுவதில். புதிய குயிக்டிராவுக்குக் கயிற்றை இடுப்பு முடிச்சருகே பிடித்து எடுக்க வேண்டும். முந்தையதற்குக் கீழிருந்து இழுத்தால் கயிறு 'Z' போல மடங்கி, மேலே போகவிடாமல் இழுக்கும். அதைக் கழற்றி மாட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

பத்து வயதுக்காரருக்கு என் ஓட்டு போல்டரிங்குக்கே. பயிற்சியில் தடுமாறாமல் கயிறு மாட்டவும், அஞ்சாமல் விழவும் பழகிய பிறகு லீடில் பெயர் கொடுக்கலாம். விரலில் வலி இருந்தால் இரண்டுமே வேண்டாம். வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தகடு எளிதில் அடிபடும்.