உப்புவெளியில பூல் டெக்: 2019ல இருந்து பாவிச்ச அனுபவம்

எங்கட வளவு திருகோணமலை உப்புவெளியில, கடலுக்குக் கிட்ட, முன்னால வீடும் நாலு ரூமும், பின்னால ஒரு சின்ன பூல். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆக்கள் வரவே இல்ல, ரூமெல்லாம் சும்மா கிடந்துது, அந்தக் கோடையில தான் பூலைச் சுத்தி டெக், அதாவது பலகைத் தளம், போட்டம். வீட்டுப் பக்கம் சவண்டலைப் பலகை, கடல் பக்கம் டபிள்யூபிசி, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வாற பலகை. காசு பத்தாததால வந்த கலவை தான், ஆனா ஒரே வெயில் ஒரே உப்புக்காத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கக் கிடைச்சுது.

முதல்ல மரம். சிங்களத்தில ஹல்மில்ல எண்டுறது தான் இந்தச் சவண்டலை, பாரம், விலையும் கூட, ஆனா வளைஞ்சு குடுக்கும், லேசுல வெடிக்காது. அந்தக் காலத்தில மதராஸ் மசூலாப் படகுக்கு இந்த மரம் தான் போனதாம், அதனால தண்ணிக்குப் பயந்த சாமான் இல்ல. வாங்கேக்க பெர்மிட்டைப் பாத்து வாங்குங்கோ, மரம் ஏத்திப் பறிக்க வன இலாகா அனுமதி வேணும், பெர்மிட் இல்லாம மலிவா வாற மரத்தைத் தொடாதீங்க.

மரவேலை செய்த ஓடாவித் தம்பி ஒரு விசயத்தில பிடிவாதமா நிண்டார். "அண்ணே இப்ப கச்சான் காத்து அடிக்குது, பலகை காஞ்சு சுருங்கிக் கிடக்கு, மாரிக்கு இது தண்ணி குடிச்சு ஊதும், நெருக்கி அடிச்சா ஒண்டை ஒண்டு தள்ளிக் கிளம்பிடும்" எண்டு சொல்லி, பலகைக்குப் பலகை மொத்த ஆணியை இடையில வச்சு வச்சு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். பாக்க எனக்குப் பிடிக்கவே இல்ல, ஆனா அந்த வருசம் கார்த்திகை மார்கழியில ஊத்தின ஊத்துக்கு இடைவெளி பாதியாச் சுருங்கினது, ஒரு பலகையும் கிளம்பேல்ல. 2020 டிசம்பர்ல புரெவிப் புயல் வந்து பூலெல்லாம் மண்ணும் ஓலையும், டெக் அசையேல்ல.

அடுத்தது ஸ்குரூ. பலகையை விட எனக்குத் தலையிடி தந்தது இது தான். துருப்பிடிக்காதது எண்டு ஒரு கடையில தந்த ஸ்குரூ ரெண்டாவது மாரியோட தலையில பழுப்புக் கசிவு விட்டு பலகையில கறை இறங்கத் தொடங்கிட்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 304, 316 எண்டு ரகம் இருக்கு, கடலுக்குத் தூர இடத்துக்கு 304 காணும், கடலுக்குக் கிட்ட எண்டா 316 தான் சரி, அதில மொலிப்டினம் 2, 3 வீதம் சேர்த்திருக்கு, உப்பை அது தான் தாங்கும். காந்தம் வச்சுப் பாத்தா தெரியும் எண்டுவாங்க, தெரியாது, ரெண்டுமே பெரிசா ஒட்டாது. பில்லில 316 எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ, எழுத மாட்டன் எண்டா வேற கடை. எல்லாத்தையும் கழட்டி மாத்தினம், முதலே ட்ரில் பண்ணிப் போட்டிருந்ததால பலகை வெடிக்காம வந்துது.

டபிள்யூபிசிக்கு வருவம். முதல் வருசம் பாத்தா அது தான் ராசா, எண்ணெய் இல்ல, சிலாம்பு இல்ல, கறையான் பயம் இல்ல. பிரச்சின என்னெண்டா சூடு. நாங்க எடுத்தது கடும் பிரவுண், சித்திரை வெயிலுக்கு மத்தியானம் வெறுங்காலோட நிக்க ஏலாது, புறாத்தீவுக்குப் போட்டு நேரா பூலுக்கு ஓடி வாற வெள்ளைக்காரர் அதில கால் வச்சதும் தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரித் துள்ளுவினம். சிரிப்பு வரும், ஆனா சின்னப்பிள்ளையள் ஓடுற இடம், அதனால கிடுகுப் பந்தல் போட்டம், அதுக்குப் பிறகு பரவால்ல. மற்றது அது சூட்டுக்கு நீட்டுப்பாட்டுல வளரும், தொங்கலில இடம் விடாம சுவரோட முட்ட அடிச்சா வில்லு மாதிரி எழும்பும்.

ஆனா டபிள்யூபிசி பக்கத்தில உண்மையாப் பழுதானது பலகை இல்ல, அடியில இருந்த ஜிஐ பொக்ஸ் பார், அதாவது நாகம் (சிங்க்) பூசின சதுர இரும்புக் குழாய்ச் சட்டம். வெல்டிங் அடிக்கிற இடத்தில நாகப் பூச்சு எரிஞ்சு போகும், அந்தப் பொட்டுல தான் துரு தொடங்கும், மேல சும்மா சில்வர் பெயிண்ட் பூசி விட்டா உப்புக்காத்துக்கு அது ஒண்டும் இல்ல. மூட்டெல்லாம் பொருக்குப் பொருக்காக் கொட்டுண்டு பலகை ஆடத் தொடங்கினதுக்குப் பிறகு தான் கீழ குனிஞ்சு பாத்தது. வீட்டுப் பக்கம் அடிச் சட்டமும் மரம், சின்னச் சின்ன கொங்கிரீட் கட்டையில மண்ணில முட்டாம நிக்குது, காத்து ஓடுது, இண்டைக்கும் கல்லு மாதிரி. புல்லு முளைக்கும் எண்டு கீழ பொலித்தீன் விரிக்கச் சொன்னாங்க, விரிச்சிருந்தா தண்ணி தேங்கி சட்டம் உக்கியிருக்கும், மணலுக்கு மேல முக்கால் இஞ்ச் சல்லிக்கல் போட்டம், அது போதும். பாம்பு வரும் எண்டு பயமுறுத்தினாங்க, வந்தது நண்டு.

டெக் சட்டத்தைப் பூல் சுவரில தாங்க விடாதீங்க. ரெண்டும் வேற வேறயா அசையும், நடுவில ஒரு விரல் இடைவெளி வேணும். பம்புக்கும் பைப் மூட்டுக்கும் மேல ஒரு துண்டைக் கழட்டக்கூடிய மூடியாச் செய்து வையுங்கோ. லைட் போட்டா, கரண்ட் கசிஞ்சா உடன நிப்பாட்டுற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமப் போடவே கூடாது. டெக் கழுவுறம், பெயிண்ட் அடிக்கிறம் எண்டு மாரியில பூலை வெறுமையாக்கிறதும் கூடாது, எங்கட பக்கம் அப்ப கிணத்தில தண்ணி மேல வந்து நிக்கும், வெறும் பூலைக் கீழ இருந்து தண்ணி தூக்கி வெடிக்க வச்சிடும்.

மரத்துக்கு எண்ணெய் வேணும், அதில தப்பேலாது. வார்னிஷ் அடிச்சா தோல் மாதிரி உரியும். பச்சை லின்சீட் எண்ணெய் இந்த ஈரத்துக்குக் கறுப்பு பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சண மருந்து சேர்ந்த டெக் எண்ணெய் நல்லம், மாரிக்கு முன்ன ஒண்டு, பின்ன ஒண்டு. பூசின பழந்துணியை உருட்டி மூலையில எறியாதீங்க, தானாவே சூடேறிப் பத்தும், விரிச்சுக் காயப் போடுங்கோ. 2022ல எண்ணெயும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல, கரண்டும் இல்ல, அந்த வருசம் பூசவே இல்ல, பலகை சாம்பல் நிறமாப் போச்சு. உக்கவில்ல, மேல்தோல் தான் நரைச்சது, பிறகு சாண்ட்பேப்பர் போட்டதும் பழைய நிறம் வந்துட்டு.

இப்ப திரும்பக் கட்டினா? அடிச்சட்டமும் ஸ்குரூவும் விலை பாக்காம நல்லது, மேல பலகை கையில இருக்கிற காசுக்கு. நிழல் இருக்கிற இடம் எண்டா வெளிர் நிற டபிள்யூபிசி, வெயில் எண்டா மரம். வருசத்தில ரெண்டு நாள் எண்ணெய் பூச ஆளில்லாத வெளிநாட்டுக்காரர் வீடு எண்டா ரெண்டும் வேணாம், வழுக்காத டைல்ஸ் போட்டுட்டுப் போங்கோ. கடல் பக்கத்தை வாற கோடைக்குக் கழட்டி மரச்சட்டம் போடப்போறன், பழைய டபிள்யூபிசிப் பலகை நல்லாத்தான் இருக்கு, அதையே திரும்ப அடிக்கலாம். ஓடாவித் தம்பிட நம்பர் கேக்காதீங்க, அவர் கட்டாருக்குப் போயிட்டார், நானும் ஆள் தேடிக்கொண்டு தான் இருக்கிறன்.