ரயிலும் தறியும்: சாதியை மார்க்ஸ் பார்த்ததும் அம்பேத்கர் பார்த்ததும்

1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில், லண்டனில் இருந்த மார்க்ஸின் கட்டுரை ஒன்று நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் வெளியானது. ரயில் வந்தால் நவீனத் தொழில் வரும், அது வந்தால் பரம்பரைத் தொழில் பிரிவினை கரையும், அதன்மேல் நிற்கும் சாதியும் சரியும் என்று கணித்திருந்தார்.

தொழில் வந்தது. பம்பாயில் பஞ்சாலைகள் பெருகின. சாதியும் ஆலைக்குள் நுழைந்துவிட்டது. நெசவுப் பகுதியில் கூலி அதிகம். ஆனால் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டிய வேலை அது. அவர்கள் எச்சில் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றவர்கள் பக்கத்துத் தறியில் நின்ற தொழிலாளிகள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையை எழுப்பினார்.

மார்க்ஸின் கணக்கு எங்கே தவறியது என்பதற்கு அம்பேத்கர் 1936இல் பதில் எழுதினார். சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது, அதுவும் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்றார். எனக்கு இதுதான் முக்கியமான இடம். வேலை மாறினால் வேலைப் பிரிவினை மாறலாம். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு, ஆலைக்குப் போனாலும் கூடவே வரும். ஒரே கூலி வாங்குகிற இருவர் ஒரே வர்க்கமாகிவிடுவார்கள் என்று மார்க்சியம் எதிர்பார்க்கிறது; இங்கே அது தானாக நடக்கவில்லை.

சரி, அப்படியானால் மார்க்ஸை ஒதுக்கிவிடலாமா? 1968இல் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடிசைகள் எரிக்கப்பட்ட வெண்மணி கிராமத்தை நினைத்தால் என்னால் முடியவில்லை. கீழத் தஞ்சையில் நாற்று நட்டவர்களும் அறுத்தவர்களும் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். பத்தாயம் நிறைய நெல் வைத்திருந்த மிராசுதார்கள் அரைப்படிக்கு ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? உழைப்பவர் விளைவித்ததில் கூலி போக மிஞ்சும் உபரி யாருக்கு என்ற மார்க்ஸின் கேள்வி இல்லாமல் இதற்குப் பதில் கிடைக்காது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்ததும் அதே கணக்குத்தான். அப்புறம், சாணிப்பால் குடிக்க வைப்பதும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த வயல்களில் அவற்றை எதிர்த்து நின்றது கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம். ஒரு கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய பெருமை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு எரிந்தது சேரி. ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று அது கருதியது. மிராசுதார்களுக்கு நீதிமன்றம் தந்த அந்த மதிப்பு நிலத்தால் மட்டும் வந்ததா, சாதியாலும் வந்ததா? வெண்மணியை வெறும் கூலிப் போராட்டமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அரசைப் பற்றிய இடத்திலும் எனக்கு அம்பேத்கர்தான் தெளிவாகத் தெரிகிறார். 1956இல் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசியபோது, சுரண்டல் பற்றிய மார்க்ஸின் கருத்தை அவர் தள்ளவில்லை. வன்முறையையும் பாட்டாளி வர்க்க சர்வாதிகாரத்தையும்தான் ஏற்க மறுத்தார். சோவியத் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்த அச்சத்தின் நியாயம் புரியும்.

இருவரும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் தயாரித்த மனுவைப் பார்க்க வேண்டும். விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி மத வேறுபாடின்றி ஊராருக்குக் கூட்டுப் பண்ணையாகத் தரப்பட வேண்டும் என்று கேட்கிறார். நிலப்பிரபு, குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்று யாருமே இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதை யாரும் நிறைவேற்றவில்லை. 21 ஆண்டுகள் கழித்து வெண்மணி மக்கள் அரைப்படி நெல் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.