11,500 ரூபாய்க்கு ஆவி: காபி மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

11,500 ரூபாய். தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன், காலையிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். நான்காவது முறையாக அந்தக் கடைக்குப் போய்விட்டு, மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிய கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ராமநாதபுரம் டவுனில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாசலில் பலூன் தோரணம், அந்த ரகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் போன தை மாதம் கீழே விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்த பிறகும் பித்தளை ஃபில்டரைத் திருகித் திறக்க முடியவில்லை. சூட்டில் அது இறுகிக்கொண்டால் நான் போய்த் துணி சுற்றித் திருகிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலரை மணிக்கே டிகாஷன் இறங்கியாக வேண்டும். அப்பா ரயில்வேயில் இருந்தவர், பாம்பன் பாலத்தில் வேலை பார்த்தவர். ரிட்டயர்டு ஆகிப் பல வருஷம் ஆனாலும் அந்த நேரத்துக்குக் கண் விழித்துவிடும், விழித்த கண்ணுக்குக் காபி வேண்டும். சரி, ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்றே கிளம்பினேன்.

அங்கே இருந்த பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது மெஷினிடம் இல்லை, அவனிடம்தான். இருபத்தைந்து வயது இருக்கும். "உட்காருங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஃபேனைத் திருப்பி வைத்தான். அம்மா கை விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "எங்க அம்மாவுக்கும் இதே மாதிரிதான்க்கா. அவங்களுக்கு நான் இந்த மெஷின்தான் வாங்கிக் குடுத்திருக்கேன். பட்டன அமுக்குனாப் போதும், திருகுற வேலையே கிடையாது" என்றான். ஷோகேஸில் இருந்த மெஷினை ஆன் செய்து, என் கண் முன்னாலேயே காபி போட்டான். கர்ர்ர் என்று ஒரு சத்தம், அரை நிமிஷத்தில் தேன் மாதிரி கெட்டியாக இறங்கியது, மேலே பொன்னிறத்தில் நுரை. குடித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

"நாங்க சிக்கரி கலந்த தூள்தான் வாங்குவோம் தம்பி, அதுக்கு ஓடுமா?" என்று கேட்டேன். "எந்தத் தூளும் ஓடும்க்கா. 15 பார் பிரஷர்!" என்றான். 15 பார் என்றால் என்னவென்று எனக்கு அன்று தெரியாது. அவன் சொன்ன தோரணையில் பெரிய விஷயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப மெஷினை ஒரு போட்டோ எடுத்தேன். நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

அட்டையில் 14,999 போட்டிருந்தது. "அம்மாவுக்காகன்னு சொல்றீங்க, 11,500 குடுங்க" என்றான். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் ஏறும்க்கா, எதுக்கு உங்களுக்கு வீண் செலவு" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் 'காபி மேக்கர் 1, 11500' என்று கிறுக்கிக் கொடுத்தான். எம்.ஆர்.பி.யிலேயே எல்லா வரியும் அடக்கம் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? மாதாமாதம் மளிகை வாங்குகிறவள்தானே நான்! அன்றைக்கு உறைக்கவில்லை. குடித்த காபி அப்படி.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தோம். பார்க்க அதே மாதிரிதான், அதே கறுப்பு, அதே கைப்பிடி. ஆனால் கர்ர்ர் சத்தம் இல்லை. மேலே இருக்கும் ஓட்டையில் தண்ணீர் ஊற்றி, கனமான ஒரு மூடியைத் திருகி மூட வேண்டும். தூள் போடுகிற கைப்பிடியையும் பக்கவாட்டில் அழுத்தித் திருகினால்தான் மாட்டும். திருகும் வேலையே இல்லை என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாகத் திருகலைத் தலையில் கட்டியிருக்கிறான். இரண்டு மூன்று நிமிஷம் உஸ் என்று ஆவி சேர்ந்து, அப்புறம் புஸ்புஸ்ஸென்று கறுப்பாக ஏதோ துப்பியது. ஒரே கசப்பு. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "கருப்பட்டி கெடக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள் மூடியின் ஓரத்தில் ஆவி கசிய ஆரம்பித்தது. நின்றுவிட்டது என்று நினைத்து அம்மா மூடியைத் திருகப் போனார். உஸ்ஸென்று சீறியதும் கையை எடுத்துவிட்டார். கை வெந்திருந்தால்? அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

எங்கள் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். 800 வாட். "இதுல பம்ப்பே இல்லையேம்மா" என்றார். வீட்டு மெஷின்களில் இரண்டு ரகமாம். ஒன்று பம்ப் வைத்தது. பின்னால் கழற்றி மாட்டுகிற தண்ணீர்த் தொட்டி இருக்கும், பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அளவாம், 15 பார் என்பது அந்த பம்ப் கொடுக்கிற உச்ச அழுத்தம். எஸ்பிரஸோவுக்கு, அதாவது அழுத்தத்தில் கெட்டியாக இறக்குகிற காபிக்கு, உண்மையில் தேவை 9 பார்தான். இன்னொன்று வெறும் ஆவி ரகம். மூடிய பாய்லரில் தண்ணீர் கொதித்து, அந்த ஆவி தள்ளுகிற வேகத்தில் காபி வரும். அதன் பெட்டியில் வழக்கமாக 3.5 அல்லது 5 பார் என்றுதான் போட்டிருக்கும். கொதிக்கக் கொதிக்கத் தூள் வழியாகப் போவதால் கசக்கும். சூடு ஆறுவதற்குள் மூடியைத் திறக்கவே கூடாது. என் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். ஷோகேஸ் மெஷினுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிகிறது. எங்கள் மெஷினில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக் தகடு. காபி போட்டுக் காட்டியது ஒன்று, பெட்டியில் கட்டிக் கொடுத்தது வேறொன்று!

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். போன் செய்தால், "சர்வீஸ் ஆள் மதுரையிலேர்ந்து வரணும்". வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் இரண்டு நீல டிக், பதில் இல்லை. முதல் தடவை நேரில் போனபோது அந்தப் பையன் லீவு. இரண்டாவது தடவையும் லீவு, ஆனால் குடோன் பக்கம் அவன் குரல் கேட்டது. மூன்றாவது தடவை மேனேஜர் வந்தார். "மண்டபமா? உங்க ஊர் உப்புத் தண்ணிய ஊத்தியிருப்பீங்க, வாரண்டி வராது" என்றார். நாங்கள் காபிக்கு ஊற்றியது காவிரித் தண்ணீர், குழாயில் வரும் நாளில் பிடித்துத் தனியாக வைத்திருப்பது. அதைச் சொன்னதும் பல்லவி மாறியது. "அப்ப கடல்காத்து, உள்ள துருப்பிடிச்சிருக்கும்." வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பாலத்தில் துரு சுரண்டி பெயிண்ட் அடித்த மனுஷர் அவர். "1914ல தெறந்த பாலம் 2022 வரைக்கும் ரயிலத் தாங்குச்சு. அவன் மெஷினு நாலு நாளு தாங்கலையா? எங்கிட்ட துரு கதை சொல்லச் சொல்லு அவன" என்றார். இத்தனை நாளில் நான் சிரித்தது அப்போது ஒரு தரம்தான்.

இன்று போட்டோவை மேனேஜர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். "அது பழைய மாடல் மேடம், உங்களுக்குக் குடுத்தது அப்டேட் ஆன மாடல்" என்கிறார். பம்ப்பை எடுத்துவிட்டால் அப்டேட்டா? வாரண்டி கார்டை நீட்டினேன். கடை சீல் இல்லையாம், செல்லாதாம். சீல் குத்த வேண்டியது யார்? கடைசியில், "வெளியாள்கிட்டக் காட்டிட்டீங்க, இனிமே எங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அங்கே உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு அந்தப் பையன் மிக்ஸி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். ஃபேன் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

11,500 ரூபாய். பதினைந்து மாதம் கட்டிய சீட்டு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத வேண்டும் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சீக்கிரமாகச் சொல்கிறேன். நம் ஃபில்டர் காபிதான் வேண்டுமென்றால் எஸ்பிரஸோ மெஷின் பக்கமே போகாதீர்கள். வெந்நீரைத் தூள் மேல் சொட்டுச் சொட்டாக இறக்குகிற சாதாரண டிரிப் மேக்கரே டிகாஷன் இறக்கிக் கொடுக்கும், நான் கொடுத்ததில் கால்வாசி விலைகூட ஆகாது. சிக்கரித் தூள் வழவழவென்று நின்று சன்னமான சல்லடையை அடைத்துக்கொள்ளும் என்று அந்த அண்ணன் சொன்னார், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எஸ்பிரஸோவேதான் வேண்டும் என்றால், மேலே திருகு மூடி இருந்தால் அது ஆவி ரகம், வேண்டாம்; பின்னால் கழற்றி மாட்டுகிற தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, அந்த மெஷினிலேயே காபி போடச் சொல்லுங்கள். மாடல் நம்பர் போட்ட பில் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணமே கிடையாதாம். கையில் இருப்பது ஒரு எஸ்டிமேட் சீட்டும் ஒரு போட்டோவும்தான், இருந்தாலும் விடுவதாக இல்லை.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடுகிறார், ஃபில்டர் இறுகிக்கொண்டதாம், துணியை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்.